வடக்குச் சுவர் ஈரம்

மில்லில் அவருக்கு ஈரக்காரர் என்று பெயர். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அதை மாதம் ஒருமுறை அவரே படித்துப் பார்த்துக்கொள்வார், அதோடு சரி. இருபத்தாறு வருஷமாக அவருடைய வேலை, காற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது. காற்றைப் பார்க்க ஓர் ஆளா என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர்கள் உண்டு. நூற்புக் கூடத்தில் ஒரு மணி நேரம் நின்றால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். காற்று காய்ந்தால் மெஷின் நெடுக நூல் அறும், முடிபோடும் பெண்கள் மூச்சு வாங்க ஓடுவார்கள். ஈரம் கூடினாலோ பஞ்சு உருளையில் போய்ச் சுற்றிக்கொண்டு வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு இருக்கிறது. காற்றை அந்த அளவிலேயே பிடித்து வைப்பவர் ஈரக்காரர்.

ஒவ்வொரு கூடத்துச் சுவரிலும் ஒரு பலகை, பலகையில் இரண்டு தெர்மாமீட்டர். ஒன்று சும்மா காற்றில் நிற்கும், அது ட்ரை பல்பு. இன்னொன்றின் குமிழில் பருத்தித் திரியைச் சுற்றி, திரியின் வாலை ஒரு குப்பித் தண்ணீரில் விட்டிருக்கும், அது வெட் பல்பு. திரியின் தண்ணீர் ஆவியாகும்போது வெட் பல்பு குளிர்ந்து இறங்கும். காற்று காய்ந்திருந்தால் நிறைய இறங்கும், காற்று ஏற்கெனவே நிறைந்திருந்தால் கொஞ்சம்தான் இறங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து அட்டவணையில் பார்த்தால் காற்றின் குட்டு வெளிப்பட்டுவிடும்.

வேலைக்குப் புதிதாக வருபவர்கள் முன்னால் அவர் ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீரை வைப்பார். சற்று நேரத்தில் டம்ளருக்கு வெளியே முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும்.

"இது எங்கேருந்து வந்துச்சு? டம்ளர் ஒழுகுதா?"

"இல்லண்ணே."

"காத்துல இருந்து வந்துச்சு. காத்து ஓரளவுதான் தண்ணியத் தாங்கும். குளிரக் குளிரத் தாங்க மாட்டாம கீழ போட்டுரும். எந்தச் சூட்டுக்கு எறங்கினதும் போட ஆரம்பிக்குதோ, அதுதான் ட்யூ பாயிண்ட்."

நூறு பேருக்காவது இதைச் சொல்லியிருப்பார். அதனால்தான், பிற்பாடு நடந்ததை நினைத்தபோது வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

அவர் குடியிருந்தது ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில். ஓர் அறை, ஒரு சமையலறை, பின்னால் வெயிலே எட்டிப் பார்க்காத ஒரு சந்து. இரண்டரை வருஷத்துக்கு முன்னால் மகளின் பிரசவத்துக்கு என்று மனைவி புறப்பட்டுப் போனாள். மூன்று மாதம் என்றுதான் பேச்சு. பிள்ளை குப்புற விழட்டும், நடக்கட்டும், மகள் வேலைக்குத் திரும்பட்டும் என்று மாதங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டே போயின. சண்டை என்று எதுவும் இல்லை. இருந்திருந்தால்கூடச் சமாதானம் பேச ஒரு வழி இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் வரும். "நல்லா இருக்கீங்களா?" என்பாள். "நல்லா இருக்கேன்" என்பார். பேத்தி வந்து போனில் மூச்சுவிடும். அப்புறம் வைத்துவிடுவார்கள்.

அவள் போனதிலிருந்து அவர் ஜன்னலைத் திறக்கவில்லை. ஷிப்டுக்குப் போயிருக்கும்போது மழை வந்தால் யார் சாத்துவது என்று முதலில் ஒரு காரணம் சொல்லிக்கொண்டார். மழைக்காலம் முடிந்த பிறகும் ஜன்னல் சாத்தியே கிடந்தது, காரணம் மட்டும் காணாமல் போய்விட்டது. விடிகாலையில் குளிக்க ஒரு பெரிய அண்டா வெந்நீர் போடுவார். அதிலேயே ஒரு முட்டையைப் போட்டு அவித்துக்கொள்வார். ராத்திரிக்குச் சோறு, இல்லாவிட்டால் ரொட்டி. துணியை மொட்டைமாடிக் கொடியில் போடுவார்.

மாடியில் ஒரு தையல்காரம்மா குடியிருந்தாள். ஐம்பது வயதிருக்கும், தனிக்கட்டை. பள்ளிக்கூடச் சீருடைகளை மூட்டையாக வாங்கிவந்து தைத்துக் கொடுப்பாள். காலை ஐந்தரைக்கு மிதிமெஷின் ஓடத் தொடங்கும். ஈரக்காரர் அதற்குத்தான் கண் விழிப்பார், அதைக் கேட்டுக்கொண்டேதான் அண்டாவை அடுப்பில் ஏற்றுவார். நாலு வருஷத்தில் இருவரும் பேசிய பேச்சை ஒரு சின்னக் கிண்ணத்தில் அடக்கிவிடலாம். ஆனால் மழை தூறினால் கொடியிலிருந்த அவருடைய துணிகள் மடித்து மாடிப்படியில் வைக்கப்பட்டிருக்கும். போன பொத்தான் சிலசமயம் திரும்பி வந்திருக்கும். அதற்கு அவர் நன்றி சொன்னதாக நினைவில்லை.

அந்த வருஷம் குளிர் முன்கூட்டியே வந்தது. ஒரு நாள் ஷிப்டு முடிந்து வந்து விளக்கைப் போட்டபோது வடக்குச் சுவர் பளபளத்தது. தொட்டால் கை நனைந்தது. அந்தச் சுவரில்தான் ஸ்டுடியோவில் எடுத்த குடும்பப் படம் மாட்டியிருந்தது. அவர், மனைவி, இடையில் பல் விழுந்த மகள். படத்தின் கண்ணாடிக்குள் புகை படிந்த மாதிரி இருந்தது. மூலையில் கருப்புப் புள்ளிகள் ஏறி, மனைவியின் தோள் வரைக்கும் வந்திருந்தன. சுவரில் அந்த இடத்துக்கு நேர் மேலேதான் தையல்காரம்மாவின் குளியலறை. அவர் வேறு எதையும் யோசிக்கவில்லை. படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று மாடி ஏறினார்.

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, குளிக்கிற எடத்துல தண்ணியத் தெறந்துவிட்டுட்டே இருப்பீங்களா?"

"என்னண்ணே, என்னாச்சு?"

"என்னாச்சா? இத பாருங்க. என் சுவரு பூரா தண்ணி. படம் போச்சு."

அவள் எழுந்து வந்து படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "அடடா. அக்கா மேலயே ஏறிடுச்சே" என்றாள். பிறகு மெதுவாக, "நான் ஒரு நாளைக்கு ரெண்டு வாளி தண்ணிதாண்ணே புடிக்கிறேன். ஒழுகினா எனக்கே தெரியாதா?"

"அப்ப மேலேருந்து எறங்காம தண்ணி எங்கேருந்து வரும்? நானா ஊத்திக்கிட்டேன்?"

"அப்படிச் சொல்லலண்ணே. உங்க வீட்டு ஜன்னல் எப்பவும் சாத்தியே கெடக்கு. கொஞ்சம் தெறந்து விட்டுப் பாருங்களேன்."

அதுதான் அவருக்குச் சுருக்கென்றது. "இருபத்தாறு வருஷமா ஈரத்தோடதான் குடித்தனம் பண்றேன். எனக்கே சொல்லித் தர்றீங்களா?"

அவள் படத்தைத் தன் துணியால் துடைத்து அவர் கையில் கொடுத்தாள். மறுபடி ஊசியை எடுத்துக்கொண்டாள். அதை அவர் தன் வெற்றியாக எடுத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து துணி உலர்த்த அவர் மொட்டைமாடிக்குப் போகவில்லை. அவள் வாசலைத் தாண்டிப் போகணுமே என்ற வீம்பு. அறைக்குள்ளேயே குறுக்காக ஒரு கயிற்றைக் கட்டி, சட்டை, வேட்டி, போர்வை எல்லாவற்றையும் ஈரம் சொட்டச் சொட்டப் போட்டார். சுவர் இன்னும் அதிகமாக வியர்த்தது. சுவர் வியர்க்க வியர்க்க அவர் கோபம் ஏறியது. 'வேணும்னே தெறந்துவிடறா' என்று ஆளில்லாத அறையில் சத்தமாகவே சொன்னார்.

வீட்டுக்காரர் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கொத்தனார் மாடிக் குளியலறையில் நாலு தளக்கல்லைப் பெயர்த்து, கையை விட்டுப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"அடியில காய்ஞ்சுதான் இருக்குங்க. குழாயும் நல்லா இருக்கு."

"அப்ப கீழ மட்டும் எப்படிய்யா நனையுது?" என்றார் வீட்டுக்காரர்.

"அதான் தெரியல."

வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு ஈரக்காரரின் பக்கம் திரும்பினார். "சார், இவனுக்குச் செங்கல்லு தெரியும், ஈரம் தெரியாது. நீங்க தெரிஞ்ச ஆளு. நீங்க சொல்றதுதான் எனக்குக் கணக்கு. மேலேருந்துதான் எறங்குதா?"

தையல்காரம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் ஈரக்காரரின் முகத்தைத்தான் பார்த்தாள். அவர் கொஞ்சம் நிதானித்திருக்கலாம். ஒரு தெர்மாமீட்டரைச் சுவரில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கலாம். ஆனால் இத்தனை வருஷத்தில் மில்லுக்கு வெளியே ஒருவர் அவருடைய வார்த்தையைப் பெரிதாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

"மேலேருந்துதான்" என்றார்.

"சரி" என்றார் வீட்டுக்காரர். "அக்கா, மாசக் கடைசியில காலி பண்ணிக்கங்க. வீடு ஊறி விழுந்துட்டா நான் யாரைப் போய்க் கேக்க?"

அவள் வாதாடவில்லை, அழவுமில்லை. "இந்த மூட்டை முடிக்கிற வரைக்கும் டைம் குடுங்க" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் காலை ஐந்தரைக்கு மெஷின் வழக்கம்போல ஓடியது. சத்தம் மட்டும் கொஞ்சம் அமுங்கிக் கேட்டது. வெட்கப்படுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே ஈரக்காரர் அடுப்பைப் பற்றவைத்தார்.

அவள் போனது ஒரு மத்தியானம். ஒரு சின்ன வண்டி வந்து நின்றது. மெஷின், இரண்டு பெட்டி, சுருட்டிய பாய். அவ்வளவுதான் நாலு வருஷக் குடித்தனம். ஈரக்காரர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். கதவு தட்டும் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தபோது ஆள் இல்லை. அவருடைய பழைய நீலச் சட்டை மடித்து வாசற்படியில் இருந்தது. எப்போதோ மழையில் எடுத்துவைத்தது போலிருக்கிறது. நைந்துபோன காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்திருந்தாள்.

மறுநாள் விழித்தபோது ஜன்னல் இடுக்கில் வெயில் தெரிந்தது. மணி ஏழே கால். ஷிப்டுக்கு ஓடினார். அடுத்த நாளும் அப்படித்தான். அலாரம் வைத்தார். அது அலறியதும் அணைத்துவிட்டு, வேறு எதையோ எதிர்பார்த்துப் படுத்தே கிடந்தார். மேலே ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலி நகராது, வாளி வைக்கும் சத்தம் இல்லை, இருமல் இல்லை. தலைக்கு மேலே ஒருத்தி இருந்தாள் என்பதே அவள் போன பிறகுதான் அவருக்கு முழுசாகத் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் போன் வந்தது.

"நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன்."

"மாடித் தையல்காரம்மா எப்படி இருக்காங்க?"

"காலி பண்ணிட்டுப் போய்ட்டாங்க."

"ஐயோ, ஏன்?"

"என்னவோ" என்றார் ஈரக்காரர்.

சுவர் காயவில்லை. உள்ளே ஊறியது வடியணும், நாளாகும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டார். மாடியில் தண்ணீர்க் குழாயையே வீட்டுக்காரர் அடைத்துவிட்டார். பத்து நாள் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று. சுவர் அப்படியே பளபளத்தது.

மூன்றாவது வாரம் மில்லில் ஒரு கூத்து நடந்தது. அவர் அன்றும் தாமதமாக ஓடி வந்தார். பலகைகளைச் சுற்றிப் பார்ப்பதற்குள் மெஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டர் எதிரே வந்து வழிமறித்தார்.

"யோவ் ஈரக்காரரே, நூலு அறுந்து கொட்டுது. பொண்ணுங்க என்னையத் திட்டுறாங்க."

"தண்ணித் தெளிப்பு ஓடலையா?"

"நான்தான் நிறுத்தினேன். பலகையில ரெண்டும் ஒண்ணாக் காட்டுச்சு. ரெண்டும் ஒண்ணாக் காட்டினா காத்து நெறஞ்சிருக்குன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

ஈரக்காரர் போய்ப் பார்த்தார். குப்பி காலி. திரி காய்ந்து விறைத்திருந்தது. குப்பியில் தண்ணீர் ஊற்ற அவர் மறந்தது இருபத்தாறு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

"திரி காஞ்சு போச்சு" என்றார். "காஞ்சு போனா வெட் பல்பு எறங்காது. காஞ்சு கெடக்கிறப்பதான் நெறஞ்சிருக்கேன்னு காட்டும்."

"அப்ப அத நம்பினது என் தப்பா?"

"இல்ல" என்றார். குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீரை ஊற்றாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிட்டர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, திட்ட வந்ததை விழுங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் இரும்பு பீரோவைத் திறக்கப் போனவர் கையை இழுத்துக்கொண்டார். பீரோவின் பக்கவாட்டில் முத்து முத்தாகத் தண்ணீர். பீரோ சுவரிலிருந்து இரண்டு சாண் தள்ளி நின்றது. மேலிருந்து இறங்கும் தண்ணீர் நடுவில் இருக்கிற காற்றைத் தாண்டிக் குதித்து வராது. ஐஸ் தண்ணீர் டம்ளர் அவர் கண் முன்னால் வந்து நின்றது. டம்ளர் ஒழுகுதா? இல்லண்ணே.

மறுநாள் மில்லில் கேட்டு மூன்று தெர்மாமீட்டர்களைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். ஒன்றைச் சும்மா தொங்கவிட்டார். ஒன்றுக்கு ஈரத்திரி சுற்றி, அட்டையால் விசிறினார். மூன்றாவதைச் சுவரோடு சேர்த்துப் பஞ்சால் மூடி ஒட்டினார். தலைக்கு மேல் துணிகள் தொங்கின, அண்டாவில் வெந்நீர் கொதித்தது. தினசரி எப்படி இருக்குமோ அப்படியே விட்டார். அரை மணி கழித்துப் பார்த்தார். ட்ரை பல்பு இருபத்தேழு, வெட் பல்பு இருபத்தைந்து. அட்டவணை அவருக்கு மனப்பாடம், ஆனாலும் விரலை வைத்துப் பார்த்தார். ட்யூ பாயிண்ட் இருபத்துநாலு. சுவர் இருபத்திரண்டு.

இனி பூசி மெழுக எதுவும் இல்லை. வெயில் படாத சந்துப்பக்கச் சுவர் குளிர்ந்து கிடந்தது, அறைக் காற்று தாங்க முடியாததை அதன்மேல் போட்டது. அவர் வெந்நீர், அவர் சோற்று ஆவி, அவர் வேட்டி, ராத்திரி முழுக்க அவர் விட்ட மூச்சு. போக வழியில்லாமல் எல்லாம் அங்கே போய்த் திரண்டிருந்தன. படத்தில் மனைவியின் தோளில் ஏறியதும் அதுதான். ஈரக்காரர் கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

பிறகு எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது, சுத்தியலால் தட்ட வேண்டியிருந்தது.

வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னார்.

"இப்ப எதுக்கு சார் அதெல்லாம்" என்றார் வீட்டுக்காரர். "மாடிய அட்டைப்பெட்டி அடுக்க ஒருத்தருக்குக் குடுத்தாச்சு. பெட்டி குளிக்காது, தண்ணி பிடிக்காது. நிம்மதி."

"அந்தம்மா மேல தப்பில்ல. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

"சொன்னீங்க, சரி. நான் கேட்டேன், சரி. போனவங்க போய்ட்டாங்க."

அன்று ஈரக்காரர் மில் தாள் ஒன்றில் அளவுகளை எல்லாம் எழுதினார். தேதி, நேரம், மூன்று தெர்மாமீட்டரின் எண்கள். கீழே, 'மாடியிலிருந்து ஒரு சொட்டும் இறங்கவில்லை. ஈரம் முழுவதும் என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சீருடைத் துணி கொடுக்கும் கடையில் விசாரித்து, ஒரு விடுமுறை நாளில் தேடிப் போனார்.

நாலு தெரு தள்ளி, ஒரு கடைக்குப் பின்னால் கடைக்காரர் வாடகைக்கு விட்ட ஒரே ஓர் அறை. வாசலில் தண்ணீர்க் குழாய்க்குப் பூட்டுப் போட்டிருந்தது. அவள் மெஷினில் இருந்தாள். அவரைப் பார்த்ததும் மிதிப்பதை நிறுத்தினாள்.

"வாங்கண்ணே. உக்காருங்க. இப்ப என்ன ஒழுகுது?"

கேலிதான். அதில் விஷம் இல்லை. அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. தாளை நீட்டினார். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"இந்த நம்பரெல்லாம் எனக்குப் புரியாதுண்ணே. கடைசி வரி புரியுது."

"நீங்க அன்னைக்கே சொன்னீங்க, ஜன்னலத் தெறன்னு."

"சொன்னேன்."

"கொத்தனார் இருந்தப்ப ஏன் மறுபடி சொல்லல?"

"உங்க முகத்தப் பாத்தேன். இவரே சொல்லுவாருன்னு நெனச்சேன்."

வெளியே யாரோ குழாய்ப் பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"அது எதுக்குப் பூட்டு?"

"எனக்குத்தான். தண்ணிய வீணாக்கிற பொம்பளைன்னு அங்கேருந்து இங்க சேதி வந்துடுச்சு. காலையில ஒரு மணி நேரம் தெறந்து விடுவாங்க." அவள் தாளை மடித்தாள். "இதக் காட்டினா பூட்ட எடுத்தாலும் எடுப்பாங்க. நீங்க வந்தது நல்லதாப் போச்சு."

"நானே சொல்லிட்டுப் போறேன். கடைக்காரர் இருக்காரில்ல?"

"இருக்காரு. சொல்லுங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு அவளே கேட்டாள். "கடைசி மாசம் மெஷின் சத்தம் ரொம்பத் தொந்தரவா இருந்துச்சாண்ணே? ஏற்கெனவே கோவமா இருக்கீங்களேன்னு, மெஷின் காலுக்கு அடியில கந்தல்துணிய மடிச்சு வச்சுத்தான் ஓட்டினேன்."

"அந்தச் சத்தத்துக்குத்தாம்மா நான் எந்திரிப்பேன்" என்றார். "இப்பல்லாம் எந்திரிக்கவே முடியல."

அவள் கையிலிருந்த நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தாள். "அக்கா எப்ப வர்றாங்க?" என்றாள்.

வழக்கமான பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அடுத்த மாசம், பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் திறந்ததும். அதை அவர் சொல்லவில்லை.

"தெரியலம்மா. வர மாட்டான்னுதான் தோணுது. நானும் வான்னு கேட்டதில்ல. நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னே சொல்லிட்டு இருந்தேன். அவ நம்பிட்டா."

"கேட்டுப் பாருங்க" என்றாள் அவள். மெஷினை மறுபடி மிதிக்கத் தொடங்கினாள். ஒரு சட்டையின் தோள் தைத்து முடியும் வரைக்கும் அவர் அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கடைக்காரரிடம் போய்த் தன் தப்பைச் சொன்னார். பூட்டை எடுக்கும் வரை நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. நல்லா இருக்கீங்களா என்று மனைவி கேட்டாள். "இல்ல" என்றார் ஈரக்காரர். "நீ வந்துடேன்." அந்தப் பக்கம் பேத்தி எதற்கோ அழும் சத்தம் கேட்டது. "பாக்கறேங்க" என்றாள் மனைவி கடைசியில். "இவளப் பாத்துக்க யாராவது கெடைக்கட்டும். பாக்கறேன்."

ஜன்னல் திறந்தே இருந்தது. துணி மொட்டைமாடிக்குப் போனது. அண்டாவுக்கு மூடி போட்டார். நாலு நாளில் சுவர் மங்கியது, ஏழாவது நாள் வெள்ளையாக, சுண்ணாம்பு கையில் ஒட்டுகிற மாதிரி காய்ந்துவிட்டது. காலை ஐந்தரைக்கு அலாரம் அடித்தது. ஈரக்காரர் அதை அணைத்துவிட்டு, எழுந்து வந்து உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். மூலைவரை தடவிப் பார்த்தார். எங்கேயும் ஈரம் இல்லை. ஒரு சொட்டு இருந்திருந்தால் மேலே யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாவது இருக்கலாம்.